கீழாநெல்லி: செடிக்குள் இருப்பது என்ன?

மழை விழுந்து பத்து நாள் ஆனால் வரப்பிலும், வாய்க்கால் ஓரத்திலும், தென்னந்தோப்பு நிழலிலும் தானே முளைத்து நிற்கும் செடி கீழாநெல்லி. களை எடுக்கும்போது இதைப் பிடுங்கி எறிந்து விடுகிறோம். அதே செடி காய்ந்து மூட்டையாகிச் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தால், மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் உள்ள நாட்டு மருந்துக் கடைகளில் பொட்டலமாக விலைக்கு வருகிறது. வாங்குவோரில் பெரும்பாலோர் வீட்டில் யாருக்கோ மஞ்சட்காமாலை என்றுதான் கேட்டு வாங்குகின்றனர்.

இச்செடியைப் பயிர் செய்து விற்க எண்ணும் விவசாய அன்பர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்டுக் கொள்ள வேண்டும். இதில் அடங்கியுள்ள மருந்துப் பொருள் என்ன, அது எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்பது ஒன்று. பொட்டலத்தில் இருப்பது கீழாநெல்லிதானா என்பது மற்றொன்று. வேறு வேறு கேள்விகள் போலத் தோன்றினாலும் முதல் கேள்விக்கு விடை காணப் போனவர்கள் எல்லோரும் இரண்டாவது கேள்வியில் வந்து இடித்துக் கொண்டிருக்கிறார்கள். இதைத் தெளிவாகக் காட்டிய ஆராய்ச்சி, மேற்சொன்ன கடைகளுக்குச் சில கிலோமீட்டர் தெற்கே, அடையாற்றுக்கு அப்பால் தரமணியில் நடைபெற்றது.

தரமணி ஆராய்ச்சி

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் டாக்டர் ஏ. எல். முதலியார் பெயரில் அடிப்படை மருத்துவ அறிவியல் முதுநிலை நிலையம் உள்ளது. அங்கு நுண்ணுயிரியல் துறையில் பணியாற்றிய டாக்டர் எஸ். பி. தியாகராஜனும் உடன் ஆய்வாளர்களும் காமாலைக்கு வழங்கும் நாட்டு மூலிகைகளை எடுத்துச் சோதித்தனர். கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி ஆகிய இரண்டின் சாறும் கல்லீரல் அழற்சி 'பி' வைரஸின் மேலுறைப் புரதத்தைச் சோதனைக் குழாயில் செயலிழக்கச் செய்வதை 1982இல் வெளியிட்டனர்.

இந்த 'பி' வைரஸைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இது இரத்தம், சுத்தம் செய்யாத ஊசி, உடலுறவு ஆகியவற்றின் வழியாகவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுகிறது. பெரியவர்களில் பெரும்பாலோருக்குத் தானே நீங்கி விடும். சிலருக்கு, குறிப்பாகக் குழந்தைப் பருவத்தில் தொற்றியவர்களுக்கு, நீங்காமல் ஆண்டுக்கணக்கில் தங்கி விடுகிறது. இவர்களை 'நோய் தாங்கிகள்' என்பர். பார்வைக்கு நன்றாக இருப்பார்கள். பல ஆண்டுகள் கழித்துக் கல்லீரல் சுருக்கமோ புற்றுநோயோ வரலாம். இரத்தத்தில் மேலுறைப் புரதம் இருக்கிறதா என்று பார்த்தே இவர்களைக் கண்டறிகின்றனர். அப்புரதத்தை முதலில் கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானி பாரூக் பிளம்பர்க் 1976இல் நோபல் பரிசு பெற்றார்.

பிலடெல்பியாவில் பிளம்பர்க்கின் ஆய்வுக்கூடத்தில் பி. எஸ். வெங்கடேஸ்வரனும் மற்றவர்களும் கீழாநெல்லிச் சாற்றைக் கையில் எடுத்தனர். இதே வகை வைரஸ் தாக்கும் 'வுட்சக்' என்ற பிராணி ஒன்று வட அமெரிக்காவில் உண்டு. அணில் இனத்தைச் சேர்ந்தது, வளை தோண்டி வாழ்வது. புதிதாக நோய் தொற்றிய நான்கு வுட்சக்குகளுக்குச் சாற்றை ஊசி வழியாகச் செலுத்தியதில் மூன்றின் இரத்தத்திலிருந்து வைரஸ் அடையாளங்கள் நீங்கின. வைரஸ் பெருகுவதற்குத் தேவையான ஒரு நொதியைச் சாறு தடுப்பதும் தெரிந்தது. இம்முடிவு 1987இல் வெளியாயிற்று.

அடுத்த ஆண்டு, 1988இல், லண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செட்' மருத்துவ ஏட்டில் சென்னை ஆய்வு வந்தது. உலர்த்திப் பொடித்த முழுச் செடியை வேளைக்கு 200 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை, 30 நாள்களுக்கு நோய் தாங்கிகளுக்குக் கொடுத்தனர். மற்றொரு பிரிவினருக்கு மருந்தில்லாத வெற்றுக் குப்பியைக் கொடுத்தனர். சிகிச்சை முடிந்த 15 முதல் 20 நாள்களுக்குப் பின் சோதித்ததில், மருந்து உண்ட 37 பேரில் 22 பேருக்கு மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. வெற்றுக் குப்பி உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்திருந்தது. நூற்றுக்கு 59 பேர் என்பது யாரும் எதிர்பாராத கணக்கு. நோய் தாங்கிகளில் இது தானே மறைவது ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருக்கும். இது பூர்வாங்க ஆய்வு, மேலும் ஆராய வேண்டும் என்று எழுதியவர்களே அக்கட்டுரையில் குறிப்பிட்டிருந்தனர்.

வரப்புச் செடிக்கு அன்று உலகமெங்கும் பெயர் கிடைத்தது. பிற நாட்டினரும் அதையே செய்து பார்த்தனர். 1990இல் தாய்லாந்திலும், 1994இல் நியூசிலாந்திலும் நோய் தாங்கிகளுக்குக் கீழாநெல்லி கொடுத்துச் சோதித்தபோது சென்னையில் கண்ட பலன் கிட்டவில்லை. அதன் பிறகு சீனாவில் மூன்று இடத்துச் செடிகளை ஒப்பிட்டனர். இந்தியாவிலிருந்து சென்ற கீழாநெல்லியை விட, அங்கு விளைந்த சிவப்புக் கீழாநெல்லி வகை கூடுதல் பலன் தந்ததாக 1995இல் எழுதினர். உலகில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2011இல் மதிப்பிட்ட காக்ரேன் குழுவினர், இச்செடி தனித்து நின்று 'பி' வைரஸைப் போக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் போதவில்லை என்று முடிவு கூறினர்.

ஆகவே 59 என்ற எண்ணை மட்டும் கத்தரித்து விளம்பரத்தில் போடுவோரை நம்ப வேண்டாம். அதே சமயம், எல்லாம் பொய் என்று தள்ளி விடுவதும் சரியல்ல. வெவ்வேறு நாட்டில் கொடுத்த பொடி ஒரே பொடியா என்ற கேள்வி முதலிலேயே எழுந்தது. சென்னைச் செடிக்கு 1982இலும் 1987இலும் 'பில்லாந்தஸ் நிரூரி' என்று பெயர் எழுதினர். 1988இல் 'பில்லாந்தஸ் அமாரஸ்' என்று எழுதினர். நிரூரி என்ற உண்மையான இனம் அமெரிக்கக் கண்டத்துச் செடி, நம் வயலில் இல்லை. நம்முடையது அமாரஸ். ஆனால் பழைய நூல்களிலும் பல மருந்துச் சீட்டுகளிலும் இன்றும் நிரூரி என்றே இருப்பதைக் காணலாம். இனத்துக்கு இனம் மட்டுமல்ல, ஒரே இனத்திலும் செடிக்குச் செடி, வளர்ந்த சூழ்நிலைக்கு ஏற்ப வைரஸ் எதிர்ப்புத் தன்மை மாறுவதை பிளம்பர்க்கின் குழுவினரே 1991இல் எழுதியுள்ளனர். நெல்லில் ரகத்துக்கு ஒரு குணம், மண்ணுக்கு ஒரு ருசி என்பதை அறிந்த உங்களுக்கு இது வியப்பாக இராது.

செடியில் உள்ள இரசாயனப் பொருள்கள்

கீழாநெல்லியை மென்றால் முதலில் கசப்பு, பிறகு துவர்ப்பு. இந்த இரண்டு சுவையும் இரண்டு வகை இரசாயனப் பொருள்களைக் காட்டிக் கொடுக்கின்றன.

கசப்புக்குக் காரணம் 'பில்லாந்தின்'. இதைச் செடியிலிருந்து பிரித்து 1946இல் எழுதியவர்கள் ஜி. வி. கிருஷ்ணமூர்த்தியும் டி. ஆர். சேஷாத்திரியும் ஆவர். சேஷாத்திரி நம் குளித்தலையில் பிறந்தவர். அப்போது வால்ட்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். பில்லாந்தினோடு கூடவே இருப்பது 'ஹைப்போபில்லாந்தின்'. இரண்டும் லிக்னன் என்ற வகையைச் சேர்ந்தவை. கல்லீரல் செல்களை நச்சுப் பொருள்களிலிருந்து காக்கும் குணம் இவற்றுக்கு உண்டென்று ஆய்வுக்கூடச் சோதனைகளில் கண்டுள்ளனர். கம்பெனிகள் சரக்கு வாங்கும்போது பெரும்பாலும் அளந்து பார்ப்பதும் இவற்றைத்தான்.

இவை செடி முழுவதும் ஒரே அளவில் இல்லை. 1993இல் வெளியான ஓர் ஆய்வில் உலர்ந்த இலையில் பில்லாந்தின் நூற்றுக்கு 0.7 பங்கும் ஹைப்போபில்லாந்தின் 0.3 பங்கும் இருந்தன. தண்டில் மிகச் சொற்பம். ஒரு கிலோ இலையில் பில்லாந்தின் 7 கிராம் என்று கணக்கு. இலை உதிர்ந்து போன குச்சிகளைக் கட்டி அனுப்பினால் எடை இருக்கும், மருந்து இராது. இக்கணக்கை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், அறுவடைக்கு வரும்போது உதவும்.

துவர்ப்புக்குக் காரணம் டானின் வகைப் பொருள்கள். கடுக்காயிலும் மாதுளை ஓட்டிலும் உள்ளவற்றுக்கு இவை உறவு. ஜெரானின், கொரிலாஜின் ஆகியவை இச்செடியில் முக்கியமானவை. இவை தவிர ருட்டின், குவெர்செடின் போன்ற நிறப் பொருள்களும் உள்ளன.

டானின்கள் நீரில் கரையும்; பில்லாந்தின் நீரில் கரைவது மிகக் குறைவு, சாராயத்திலும் எண்ணெயிலும் கரையும். செடியைக் கொதிக்க வைத்து வடிகட்டிய கஷாயத்தில் துவர்ப்புப் பொருளே மிகுதியாக இறங்குகிறது. பச்சை இலையை அரைத்து மோரிலோ பாலிலோ கலக்கி அப்படியே விழுங்கும் நம் வழக்கத்தில் இரண்டும் வயிற்றுக்குள் போகின்றன. தரமணியில் கொடுத்ததும் வடித்த சாறு அல்ல, முழுப் பொடிதான். செய்முறை மாறினால் மருந்தே மாறி விடுகிறது.

நுண்ணுயிர்களை எதிர்க்கும் தன்மை

கீழாநெல்லிச் சாறு பாக்டீரியாக்களைக் கொல்கிறது என்று அடிக்கடி செய்தி வருகிறது. இதை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று தெரிந்து கொண்டால், அச்செய்தியை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது விளங்கும். கண்ணாடித் தட்டில் கடற்பாசிக் கூழை ஊற்றி உறைய வைத்து, அதன் மேல் பாக்டீரியாவைப் பரப்புவார்கள். நடுவில் சாறு தோய்த்த வட்டக் காகிதத்தை வைத்து ஓர் இரவு விட்டால், சாறு பரவிய இடம் மட்டும் வெறுமையாகத் தெளிந்து நிற்கும். வெறுமையான வட்டம் எவ்வளவு அகலமோ அவ்வளவு வீரியம் என்று கொள்வர். கீழாநெல்லியைச் சாராயத்தில் ஊற வைத்து எடுத்த சாறு சீழ்க் கிருமி, வயிற்றுப்போக்குக் கிருமி முதலிய பலவற்றுக்கு இவ்வாறு வட்டம் காட்டியிருக்கிறது.

ஆனால் டானின் எந்தப் புரதத்தைக் கண்டாலும் பற்றிக் கொள்ளும். தோல் பதனிட ஆவாரம்பட்டை உதவுவது இக்குணத்தால்தான். தட்டில் உள்ள கிருமியின் புரதத்தையும் அப்படியே பற்றுகிறது. வயிற்றுக்குள் போனாலோ, கிருமியை அடையும் முன்பே சோற்றிலும் பருப்பிலும் உள்ள புரதம் அதைப் பிடித்துக் கொள்ளும். எஞ்சியதைக் குடல் உடைத்து விடும். இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. தட்டில் கொன்றதெல்லாம் உடம்பில் கொல்லும் என்று எடுத்துக் கொள்ளலாகாது.

இருந்தாலும் இப்பொருள்களை விஞ்ஞானிகள் விட்டு விடவில்லை. பென்சிலின் வகை மருந்துகளுக்கு அடங்காத சீழ்க் கிருமி ஒன்று ஆஸ்பத்திரிகளில் பெரும் தொல்லை. கொரிலாஜினைச் சேர்த்தால் அக்கிருமி மீண்டும் அம்மருந்துகளுக்கு அடங்குகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2001இல் கண்டனர். அவர்கள் கொரிலாஜினை எடுத்தது வேறொரு செடியிலிருந்து, பொருள் ஒன்றே. 'பி' வைரஸின் மரபுச் செய்தி படியெடுக்கப்படுவதைக் கீழாநெல்லிச் சாறு இடையில் தடுப்பதை 1997இல் செல் வளர்ப்புச் சோதனைகளில் காட்டினர். நாளைய மருந்துக்கு இங்கே வித்து இருக்கலாம். இன்றைய சிகிச்சைக்கு இவை மாற்றாகா.

காமாலை வந்தால்

காமாலை என்பது ஒரே நோயல்ல, பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி. கெட்ட தண்ணீரால் வரும் 'ஏ' வகைக் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே குணமாகி விடும். அந்த வாரங்களில் கீழாநெல்லி குடித்தவர் கீழாநெல்லியால் பிழைத்தேன் என்பார். அவர் சொல்வதில் பொய் இல்லை; ஆனால் அடுத்த வீட்டுக்காரருக்கு வந்த காமாலை வேறாக இருக்கக் கூடும்.

சேற்றில் வேலை செய்யும் நமக்கு எலிக்காய்ச்சல் என்ற ஆபத்து உண்டு. எலியின் சிறுநீர் கலந்த வயல் நீரிலிருந்து, காலில் உள்ள வெடிப்பு, கீறல் வழியாகக் கிருமி உள்ளே புகுகிறது. கடும் காய்ச்சல், கெண்டைக்கால் சதையில் தாங்க முடியாத வலி, கண் சிவப்பு, பிறகு காமாலை. தொடக்கத்திலேயே கொடுத்தால் சாதாரண ஆன்டிபயாடிக் மருந்துக்கே அடங்கக் கூடிய இந்நோய், பத்து நாள் மூலிகை குடித்துக் காத்திருந்தால் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரைக் குடிக்கும். பித்தக் குழாயில் கல் அடைத்தாலும் காமாலை வரும். எந்தக் கஷாயமும் அதை எடுத்து விடாது. கர்ப்பிணிக்குக் காமாலை கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. நோயாளி உறக்கம் கலையாமல் இருந்தாலும், பிதற்றினாலும், பல் ஈறில் இரத்தம் கசிந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

கண் மஞ்சளானால் முதலில் இரத்தப் பரிசோதனை. சித்த மருத்துவரிடம் போவதானாலும் அந்தச் சீட்டோடு போங்கள். 'பி' வகை என்று தெரிந்தால் மனம் கலங்க வேண்டியதில்லை. வைரஸை அடக்கி வைக்கும் மாத்திரைகள் இன்று உள்ளன. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டு விட்டால் இந்நோய் வராமலே தடுக்கலாம்.

எது கீழாநெல்லி?

தென்னிந்தியாவில் 25 கடைகளில் வாங்கிய சரக்கை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 76 பங்குக் கடைகளில் ஏறத்தாழ முழுவதும் அமாரஸ் இனமே இருந்தது. மீதி 24 பங்குக் கடைகளின் சரக்கில் வேறு ஐந்து இனங்கள் இருந்தன. வியாபாரியைக் குறை சொல்லிப் பயனில்லை. காய்ந்த செடியைப் பார்த்து இனம் பிரிப்பது கடினம். பச்சைச் செடியாக இருக்கும்போது, வயலில் நிற்கும் நம்மால்தான் அது முடியும்.

கீழாநெல்லி ஒன்று முதல் இரண்டடி வரை நேராக வளரும். மெல்லிய பக்கக் கிளையில் சிறு இலைகள் இருபுறமும் அடுக்கி, புளிய இலை போலத் தோன்றும். கிளையைத் திருப்பிப் பார்த்தால் இலைகளுக்குக் கீழே சிறு காம்பில் கடுகு போன்ற காய்கள் வரிசையாகத் தொங்கும். காயின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும். தண்டு சிவந்து, காய் காம்பின்றி ஒட்டி, மேலே சொரசொரப்பாக இருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி. சீன ஆய்வில் வந்தது இந்த இனம்தான். அதற்கு வேறு மதிப்பு இருக்கலாம், ஆனால் கீழாநெல்லி என்று விற்கலாகாது. மேலாநெல்லியில் இலை ஆப்பு வடிவில் அடி குறுகி இருக்கும். முதன்மைத் தண்டிலேயே இலைகள் இருக்கும். இன்னும் இரண்டு இனங்கள் கண்ணை ஏமாற்றும். அவற்றைப் பிரிக்கக் கைலென்ஸ் ஒன்று வேண்டும். கீழாநெல்லிப் பூவில் இதழ் போன்ற பகுதிகள் ஐந்து. மற்ற இரண்டிலும் ஆறு. முதல் தடவை பத்துச் செடியில் எண்ணிப் பாருங்கள், பிறகு கை தானே பழகி விடும்.

வளர்ந்த இடமும் முக்கியம். மருந்துச் செடி மண்ணில் உள்ள ஈயத்தையும் சாக்கடைக் கழிவையும் சேர்த்தே உறிஞ்சக் கூடும். சென்னையில் அடையாற்றுக் கரையிலும் பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் இச்செடி செழித்து நிற்பதைப் பார்த்துப் பறித்துப் போகிறார்கள், அது கூடாது. பூச்சி மருந்து தெளித்த பருத்தி வயல் வரப்பும் அப்படியே.

பயிர் செய்தலும் உலர்த்தலும்

விதை மிகச் சிறியது. மணலோடு கலந்து மேட்டுப் பாத்தியில் தூவி, பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். நாற்று 10 முதல் 15 செ.மீ. உயரம் ஆனதும் 15 செ.மீ.க்கு 10 செ.மீ. இடைவெளியில் நடலாம். ஏக்கருக்கு இரண்டே முக்கால் லட்சம் நாற்றுக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். ஆகவே முதலில் ஐந்து சென்ட்டில் தொடங்குவது நல்லது. தொழு உரம் போதும். களையைக் கையால்தான் எடுக்க வேண்டும். களையோடு களையாக வேற்றினக் கீழாநெல்லியையும் அப்போதே நீக்கி விடலாம். வடிகால் இல்லாத நிலத்தில் வேர் அழுகும்.

நட்ட 80 முதல் 100 நாள்களில், காய் பிடித்து, இலை இன்னும் பச்சையாக இருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். இலை மஞ்சளானால் உதிரத் தொடங்கும். மருந்து இலையில்தான் என்று முன்பே பார்த்தோம். மண் போக அலசி, வெயிலில் போடாமல், காற்றோட்டமான கொட்டகையில் சுத்தமான தார்ப்பாயின் மேல் மெல்லியதாகப் பரப்பித் தினமும் புரட்டி விடுங்கள். தரையில் நேரடியாகப் போட்டால் உதிரும் இலை மண்ணோடு போய் விடும். தார்ப்பாயில் சேரும் இலைத் தூளை ஒதுக்காமல் மூட்டையிலேயே சேர்க்க வேண்டும். தண்டு ஒடித்தால் முறியும் பதம் வரும் முன் கட்டினால் பூஞ்சணம் பிடித்து முழுச் சரக்கும் கெடும். விதைக்கு விடும் செடிகளைக் காய் பழுக்கும் முன் பிடுங்கித் துணி மூடிக் காய வையுங்கள். திறந்து வைத்தால் காய் வெடித்து விதை நாலாபுறமும் சிதறி விடும்.

வாங்குவோரை முன்கூட்டியே பேசி வைத்துக் கொண்டு பயிர் இடுங்கள். 1983இல் தொடங்கிய டாம்ப்கால் என்னும் தமிழ்நாடு அரசு மூலிகை நிறுவனமும், தனியார் சித்த, ஆயுர்வேத மருந்துக் கம்பெனிகளும் இத்தகைய சரக்குகளைப் பயன்படுத்துகின்றன. விலை பேசும்போது முழுச் செடியாகக் கேட்கிறார்களா, இலைப் பொடியாகக் கேட்கிறார்களா, பில்லாந்தின் அளவு சோதிப்பார்களா என்பதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு தடவையும் பூவோடும் காயோடும் கூடிய ஒரு செடியைப் பழைய செய்தித்தாளில் வைத்து அழுத்தி, பிடுங்கிய தேதியும் வயலின் பெயரும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். சரக்கைப் பற்றிச் சந்தேகம் எழுந்தால் இனம் இன்னதென்று காட்ட அது ஒன்றே சாட்சி.